பின்கதவுல பூட்டு, மேடையில புகை: யாராவது வழி சொல்லுங்க

வணக்கம் மக்களே. வண்ணாரப்பேட்டை பக்கம் ஒரு காலேஜ் நாடகக் குழுவுல மேடை நிர்வாகம் பாக்குறேன். போன வாரம் ஒத்திகை நடுவுல லைட் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கிற டிம்மர் பெட்டியிலேர்ந்து புகை. ஒரு தம்பி தண்ணி பக்கெட்டைத் தூக்கிட்டான்! கையைப் புடிச்சு நிறுத்திட்டு மெயினை ஆஃப் பண்ணேன். வெளிய ஓடலாம்னா பின்கதவுல பூட்டு. சாவி வச்சிருந்த வாட்ச்மேன் அண்ணன் டீ குடிக்கப் போயிட்டார். 1997ல டெல்லி உப்ஹார் தியேட்டர் தீ விபத்துல 59 பேர் செத்ததுக்கு அடைபட்ட வழிகளும் ஒரு காரணம். அதை நினைச்சா தூக்கம் வரல.

கரண்ட் தீக்கு கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர் கேட்டு எழுதியாச்சு. என் சந்தேகம் வேற: 200 பேர் இருட்டுல உக்காந்திருக்கும்போது, கூட்டம் மிரளாம யார், என்ன வார்த்தையில அறிவிக்கணும்? தீயணைப்பு நிலையத்துல நாங்களே போய்க் கேட்டா பயிற்சி தருவாங்களா, பிரின்சிபால் லெட்டர் வேணுமா? அனுபவம் இருக்கிறவங்க சொல்லுங்க, அடுத்த மாசம் நாடகம்.