பீளமேட்டுல இறங்க வந்த விமானம் திரும்ப மேல போறது ஏனுங்க?

நொய்யல்கரை

ஆனி, ஆடில காத்து புடிச்சுத் தள்ளற நாள்ல இது அடிக்கடி கண்ணுல படுதுங்க. அவினாசிப் பக்கமிருந்து சக்கரத்தை இறக்கிக்கிட்டு நேரா வருது. ரன்வேயைத் தொடப் போற நேரத்துல ஒரே இரைச்சலா மூக்கைத் தூக்கிட்டு மேல போயிருது. கால் மணி நேரம் கழிச்சு மறுபடி வந்து ஒண்ணுமே நடக்காத மாதிரி இறங்குது. உள்ள இருக்கறவங்க இன்னிக்குப் போய்ச் சேந்தோம்னு நினைக்கறாங்க, வெளிய நின்னு பாக்கறவங்க பைலட்டுக்குக் கை பத்தலைங்கறாங்க.

எனக்குத் தெரிய வேண்டியது: எதை வெச்சு, யாரு இந்த முடிவை எடுக்கறாங்க? அந்த நேரத்துல காக்பிட்டுல என்ன செய்வாங்க? எண்ணெய் தீந்து போகாதா? பைலட்டுக்கு மெமோ வருமா?

ஒடக்கான்

மொத கேள்விக்கு மட்டும் சொல்றேனுங்க, அதுவே நீளம்.

இறங்க வர்ற ஒவ்வொரு விமானமும் திரும்ப ஏறறதுக்குத் தயாராத்தான் வரும். கீழ வர ஆரம்பிக்கறதுக்கு முன்னாலயே ரெண்டு பைலட்டும் பேசி வெச்சுக்குவாங்க: ஏறினா எந்தப் பக்கம் திரும்பறது, எத்தனை அடிக்குப் போறது, எங்க வட்டமடிக்கறது. ஒவ்வொரு ரன்வேக்கும் அந்தப் பாதை சார்ட்டுல அச்சடிச்சே இருக்கும். கிளைடுஸ்லோப்பை, அதாவது சரிவா இறங்க வழிகாட்டற ரேடியோ கதிரை, புடிச்சதுக்கப்புறம் அந்த உயரத்தை ஆட்டோபைலட் பேனல்ல திருகி வெச்சிருவாங்க.

அடுத்தது ஒரு கேட், அதாவது எல்லாம் சரியான்னு பாக்கற உயரம், இருக்குது. மேகத்துக்குள்ள வந்தா ரன்வே மட்டத்துக்கு மேல 1,000 அடி, ரன்வே கண்ணுக்குத் தெரியற வானிலைன்னா 500 அடி. பல கம்பெனிங்க எப்பவுமே 1,000தான்னு வெச்சிருக்காங்க. கோயமுத்தூர் ரன்வே கடல் மட்டத்துக்கு மேல சுமார் 1,300 அடில இருக்கறதால, ஆல்டிமீட்டர் 1,800 காட்டறப்பத்தான் அந்த 500 அடி. அந்த எடத்துல சக்கரம் இறங்கியிருக்கோணும், ஃப்ளாப் (இறக்கைக்குப் பின்னால இறங்கற பலகை) கடைசி நிலைக்கு வந்திருக்கோணும், செக்லிஸ்ட் முடிஞ்சிருக்கோணும். ஏர்பஸ்னா வேகம் குறிச்ச அளவுக்கு மேல 10 நாட் (ஒரு நாட்னா மணிக்கு 1.85 கி.மீ.), கீழ 5 நாட்டுக்குள்ள நிக்கோணும். இறங்கற வேகம் நிமிஷத்துக்கு 1,000 அடியைத் தாண்டக் கூடாது. இதுல ஒண்ணு இல்லைன்னாலும் மேலதான்.

ஆளுக கவனிக்காத ஒண்ணு இஞ்சின். அது அடங்கிக் கிடக்கக் கூடாது, கொஞ்சம் உந்துவிசையோடவே ஓடிட்டிருக்கோணும். ஜெட் இஞ்சின் ஐடில்ல (அடங்கின நிலைல) இருந்து முழு விசைக்கு வர நேரம் புடிக்கும். லீவரைத் தள்ளி 8 விநாடில என்ன விசை கிடைக்குதோ அதை வெச்சுத்தான் விமானம் ஏறிக் காட்டோணும்னு சான்றிதழ் விதியே இருக்குது. நிமிஷத்துக்கு 700 அடி இறங்கற விமானம் அந்த 8 விநாடில 90 அடிக்கு மேல கீழ வந்துரும். அதிக உயரத்துல வந்து, அதைச் சரி பண்ண இஞ்சினை அடக்கிக்கிட்டே ரன்வே வரைக்கும் வர்றது அதனாலதான் ஆகாது.

இனி நம்ம ஊர்க் காத்து. நீங்க பாக்கறது பெரும்பாலும் இதுதானுங்க. மேற்குத் தொடர்ச்சி மலை பாலக்காட்டுக்கிட்ட அத்துப் போயிருக்குது. தென்மேற்குப் பருவத்துல அரபிக்கடல் காத்து அந்தச் சந்துல நெருக்கிப் புகுந்து நம்ம பக்கம் வேகமா வரும். ரன்வே 05/23, அதாவது ஒரு பக்கம் சுமார் 50 டிகிரி, மறுபக்கம் 230 டிகிரி திசை. காத்து மேக்கமா அடிக்கறப்ப 23ல, அதாவது தென்மேற்கைப் பாத்து இறங்குவாங்க. காத்து நேர் மேக்க இருந்து, 270 டிகிரில, 25 நாட் அடிக்குதுன்னு வைங்க. ரன்வேக்கும் காத்துக்கும் 40 டிகிரி கோணம். கணக்குப் போட்டா எதிர்க்காத்து 19 நாட், வலது பக்கக் காத்து 16 நாட். விமானம் ஏழு டிகிரி மூக்கைத் திருப்பி, நண்டு மாதிரி சாஞ்சுதான் வரும். அந்த 16 நாட் ஏ320க்கு (ஏர்பஸ் ஜெட்) ஒரு பொருட்டே இல்லை. கீழ இறங்கறப்ப 33 நாட், வீச்சுல 38 வரைக்கும் செஞ்சு காட்டியிருக்காங்க. கம்பெனி வரம்பு அதை விடக் குறைவா இருக்கும்.

சிக்கல் வேகத்துல இல்லை, அது ஒரே சீரா இல்லாததுலதான். 19 நாட் எதிர்க்காத்து ரெண்டு விநாடில 8 நாட்டாச்சுன்னா இறக்கையில பாயற காத்தும் 11 நாட் குறைஞ்சு போகும், விமானம் தொப்புனு கீழ போகும். திடீர்னு 30 ஆச்சுன்னா தரையை ஒட்டி மிதந்துக்கிட்டே போகும். இதுக்குத்தான் ஏர்பஸ்ல எதிர்க்காத்துல மூணுல ஒரு பங்கை அப்ரோச் (இறங்க வர்ற) வேகத்தோட கூட்டிக்குவாங்க, குறைஞ்சது 5, அதிகபட்சம் 15 நாட். அதையும் மீறி வேகம் ஆடுச்சுன்னா கேட்டைத் தாண்டின பின்னாலயும் விட்டுட்டு ஏறிருவாங்க.

மிதக்கறதுக்கும் எல்லை இருக்குது. ரன்வேயோட மொத 3,000 அடி, இல்லாட்டி மூணுல ஒரு பங்கு, எது குறைச்சலோ அதுக்குள்ள சக்கரம் படோணும். 135 நாட்ல ஒரு விநாடி மிதந்தா 70 மீட்டர் போச்சுங்க.

வேலிக்கால்

காத்து இல்லாத காரணமும் சொல்லோணும். முன்னால இறங்கின விமானம் ரன்வேயை விட்டு வெளிய போகலைன்னா ஏடிசியே (தரைல இருக்கற விமானக் கட்டுப்பாடு) "கோ அரவுண்ட்", அதாவது இறங்காம மேல போங்கன்னு, சொல்லிரும். ரன்வேல நாய், பருந்து, மயில் வந்தாலும் மேலதான். நம்ம பக்கம் மயிலுக்குப் பஞ்சமா? ஐஎல்எஸ்ல (இறங்க வழிகாட்டற ரேடியோ கருவி) 200 அடிக்கு வந்தும் ரன்வே விளக்குத் தெரியலைன்னா மேல. ஃப்ளாப் இறங்கலைன்னா மேல போயி செக்லிஸ்ட் படிச்சுட்டு வருவாங்க. யாரு சொல்றதுன்னா, ரெண்டு பைலட்டுல யாரு வேணாலும். கோபைலட் சொன்னாலும் கேப்டன் ஏறியே ஆகோணும், அப்புறம் கீழ வந்து சண்டை போட்டுக்கலாம்.

கட்டுத்தறி

இரண்டாவது கேள்வி, காக்பிட்டில் என்ன நடக்கிறது. ஏ320ஐ வைத்துச் சொல்கிறேன்.

விமானத்தை ஓட்டுபவர் "கோ அரவுண்ட், ஃப்ளாப்ஸ்" என்பார். அதே நேரத்தில் இரண்டு த்ரஸ்ட் லீவரையும் முன்கோடிக்கு, டோகா (முழு விசை) பள்ளம் வரை தள்ளுவார். மூக்கு 15 டிகிரி மேலே போகும். பக்கத்தில் இருப்பவர் ஃப்ளாப்பை ஒரு படி மட்டும் உள்ளே இழுப்பார். முழுவதும் இழுத்தால் இறக்கையின் தூக்குவிசை போய்விடும். உயரமானி ஏறுகிறது என்று உறுதியான பிறகே "பாசிட்டிவ் கிளைம்ப்", "கியர் அப்". டோகா கொடுத்த பிறகும் விமானம் சில பத்து அடி இறங்கிவிட்டுத்தான் ஏறும். மிகத் தாழ்வாக இருந்தால் சக்கரம் தரையைத் தொட்டுவிட்டுக்கூடப் போகலாம். அதனால்தான் சக்கரத்தை மடக்க அவசரப்படுவதில்லை. பிறகு சார்ட்டில் உள்ள பாதையைப் பிடிப்பார்கள், விசையைக் குறைப்பார்கள், வேகம் ஏற ஏற மீதி ஃப்ளாப்பை மடக்குவார்கள், ஏடிசியிடம் சொல்வார்கள். பயணிகளுக்கு அறிவிப்பு வருவது இதற்கெல்லாம் பின்னால்தான். இரண்டு மூன்று நிமிடம் ஒன்றும் சொல்லவில்லை என்றால் உள்ளே வேலை நடக்கிறது என்று பொருள்.

உள்ளே இருப்பவருக்கு அது முரட்டுத்தனமாகத் தெரிவதற்குக் காரணம் எடை. கிளம்பும்போது 77 டன் வரை இருக்கக்கூடிய விமானம் இறங்கும்போது 60 டன் பக்கம்தான் இருக்கும். இஞ்சினோ முழு விசையில். இறங்கிக்கொண்டிருந்த உடம்பு சட்டென்று மேலே இழுபடும்.

ஒடக்கான் சொன்ன காற்று விஷயத்தில் ஒன்று சேர்க்க வேண்டும். உண்மையான விண்ட்ஷியரில் (காற்றின் வேகமோ திசையோ சட்டென்று மாறும் காற்று வெட்டு) விமானம் மாட்டிக்கொண்டால் மேலே சொன்ன வரிசை பொருந்தாது. டோகா, மூக்கு 17.5 டிகிரி, ஆனால் ஃப்ளாப்பையும் சக்கரத்தையும் தொடவே கூடாது. சக்கரம் மடங்க அதன் கதவுகள் முதலில் திறக்க வேண்டும். அந்தச் சில விநாடி காற்றுத்தடை கூடும், ஏற்றம் குறையும். காற்று வெட்டிலிருந்து வெளியே வந்த பிறகுதான் மற்றதெல்லாம். ரேடார் முன்கூட்டியே "கோ அரவுண்ட், விண்ட்ஷியர் அஹெட்" என்று கத்தினால் மட்டும் வழக்கமான வரிசையில் போகலாம், ஏனென்றால் இன்னும் உள்ளே நுழையவில்லை.

நொய்யல்கரை

எண்ணெய்க்கும் மெமோவுக்கும் யாரும் வரலையே. அப்புறம் இது ஆபத்தே இல்லைன்னு எடுத்துக்கலாமுங்களா?

ஒடக்கான்

எண்ணெய்: போற தூரத்துக்கு, கூடுதலா 5 சதவீதம், இங்க இறங்க முடியலைன்னா வேற ஏர்போர்ட்டுக்குப் போக, அங்க போயும் 1,500 அடில அரை மணி நேரம் சுத்த. இத்தனையும் போட்டுத்தான் கிளம்போணும். ஏ320 ஒரு தடவை ஏறிச் சுத்தி வர கால் மணி நேரம்னா சுமார் 600 கிலோ போகும். அந்தக் கடைசி அரை மணி நேர எண்ணெய் ஒரு டன்னுக்குச் சொச்சம், அதுல கை வெக்கற நிலை வந்தா "மேடே ஃப்யூயல்"னு அவசர அழைப்பு சொல்லியே ஆகோணும்.

எந்த ஏர்போர்ட்டை மாத்தா வெக்கறதுங்கறதுலயும் ஊர்க் கணக்கு இருக்குது. கொச்சி பக்கம்தான், ஆனா ஆடில அங்கயும் கொட்டும். மலைக்கு இந்தப் பக்கம், திருச்சியோ பெங்களூரோ, வெறிச்சுன்னு இருக்கும். உல்ட்டாவா, கோழிக்கோட்டுலயும் கொச்சிலயும் இறங்க முடியாத விமானம் பீளமேட்டுக்கு வர்றதும் இதே காரணத்துலதான்.

திரும்பத் திரும்ப முயற்சி பண்ணினா என்ன ஆகும்ங்கறதுக்கு 2015 ஆகஸ்ட்ல தோஹாவுல இருந்து கொச்சிக்கு வந்த போயிங் 737ஐப் பாருங்க. கொச்சில மூணு தடவை, அப்புறம் திருவனந்தபுரத்துல மூணு தடவை ஏறி, ஏழாவது தடவைதான் இறங்குச்சு. மிச்சம் இருந்தது 349 கிலோ. மேல போறது தப்பில்லைங்க. எண்ணெய் இருக்கறப்பவே, வானம் வெளுத்திருக்கற ஊருக்குக் கிளம்பாததுதான் தப்பு.

மெமோ: கோ-அரவுண்ட் பண்ணினதுக்காக பைலட்டைத் தண்டிக்கக் கூடாதுங்கறது டிஜிசிஏ (அரசோட விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு அமைப்பு) சொல்ற வழி. ரெக்கார்டர் டேட்டா எல்லாத்தையும் கம்பெனி பாக்கும். கேட்டுல சரியில்லாம இருந்தும் இறங்கினவங்களுக்குத்தான் கேள்வி வரும்.

கட்டுத்தறி

ஆபத்தே இல்லை என்று சொல்ல மாட்டேன். அடிக்கடி செய்யாத வேலை, பல நேரம் எதிர்பாராத கணத்தில் வரும். முழு விசை திடீரென்று முன்னால் தள்ளும்போது, இருட்டில் அல்லது மேகத்துக்குள், மூக்கு செங்குத்தாகப் போவதாகக் காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு பொய் சொல்லும். அதை நம்பி மூக்கை அழுத்தினால் கீழேதான். 2000 ஆகஸ்ட் 23, பஹ்ரைனில் ஏ320 இரவில் ஏறும்போது கடலில் விழுந்து 143 பேர் இறந்தார்கள். 2016 மார்ச் 19, ரஷ்யாவின் ரோஸ்தோவில் 737, 62 பேர். இரண்டிலும் இந்தப் பொய்யுணர்வு பேசப்பட்டது. கண் கருவியை விட்டு அகலக் கூடாது என்று சிமுலேட்டரில் மறுபடி மறுபடி பயிற்சி தருவது இதற்காக.

வேலிக்கால்

அண்ணா சொல்றது சரி, ஆனா தராசோட அடுத்த தட்டையும் வெக்கோணுமல்லோ. கேட்டுல சரியில்லாம வர்ற அப்ரோச்சுல 100க்கு 97 அப்படியே இறங்கிருதுன்னு ஃப்ளைட் சேஃப்டி ஃபவுண்டேஷன் கணக்கு. மேல போறது மூணுதான். அந்த 97ல பெரும்பாலும் ஒண்ணும் ஆகறதில்லை, அதனாலதான் பழக்கம் விடமாட்டேங்குது.

நமக்குப் பக்கத்துலயே ரெண்டு இருக்குது. 2010 மே 22, மங்களூர்: கோபைலட் மூணு தடவை "கோ அரவுண்ட்" சொன்னாரு. 8,033 அடி ரன்வேல 5,200 அடி தாண்டித் தொட்டுது. ரிவர்ஸரை (இஞ்சின் விசையை எதிர்ப்பக்கம் திருப்பி வேகத்தைக் குறைக்கறது) திறந்துட்டு அதுக்கப்புறம் ஏறப் பாத்தாங்க. 158 உசுரு. 2020 ஆகஸ்ட் 7, கோழிக்கோடு: மழை, பின்காத்து 14 நாட், 8,858 அடில 4,438 அடி தாண்டித் தொட்டுது, அங்கயும் கோபைலட் சொன்னது நடக்கலை. 21 பேரு. அதே விமானம் கொஞ்சம் முன்னால எதிர் ரன்வேல ஒரு தடவை ஒழுங்கா மேல போயிட்டு வந்திருந்துச்சு.

ரிவர்ஸரைத் திறந்தாச்சுன்னா ஏறற கதை முடிஞ்சுதுங்க. ஒரு பக்கம் மூடாம மாட்டிக்கிட்டா ஒரு இஞ்சின் முன்னால தள்ளும், இன்னொண்ணு பின்னால இழுக்கும். அதுக்கு முன்னால வரைக்கும், சக்கரம் பட்டுத் துள்ளினாலும், ஏறலாம்.

கட்டுத்தறி

ஏறலாம், ஆனால் லீவரைக் கையால் தள்ளி. 2016 ஆகஸ்ட் 3, திருவனந்தபுரத்திலிருந்து துபாய் போன 777ல் நடந்தது இது. சக்கரம் தரையைத் தொட்டதும் டோகா பொத்தான் வேலை செய்யாது, அதன் வடிவமைப்பே அப்படி. பொத்தானை அமுக்கினார்கள், இஞ்சின் ஐடிலிலேயே கிடந்தது, சக்கரத்தை மடக்கினார்கள், 85 அடி ஏறி விழுந்தது. உள்ளே இருந்த 300 பேரும் தப்பினார்கள். தீயணைப்பு வீரர் ஒருவர் இறந்தார்.

நொய்யல்கரை

ரொம்ப நன்றிங்க. கடைசியா ஒண்ணு: சேலத்துல, காமலாபுரத்துல, ரன்வே சின்னதாச்சே. அங்க இன்னும் அடிக்கடி மேல போகோணுமா?

ஒடக்கான்

அங்க 1,806 மீட்டர். மூணுல ஒரு பங்குன்னா 600 மீட்டருக்குள்ள தொடோணும், பீளமேட்டுல 900 கிடைக்குது. ஆனா அங்க வர்ற ஏடிஆர் (சின்ன ப்ரொப்பல்லர் விமானம்) சுமார் 105 நாட்லதான் வரும், விநாடிக்கு 54 மீட்டர். அதனால 11 விநாடி இருக்குது, இங்க ஏ320க்கு 13. பெரிய வித்தியாசம் இல்லைங்க. இன்னொரு வசதி, ப்ரொப்பல்லர் எப்பவும் சுத்திட்டேதான் இருக்கும். லீவரைத் தள்ளினதும் பிளேடு கோணம் மாறி உடனே இழுக்கும், ஜெட் மாதிரி காத்திருக்க வேண்டியதில்லை.