பெஸ்ட் பிஃபோர் தேதி கடந்த பொருள்கள்: எதை வைத்துக்கொள்ளலாம், எதை எறிய வேண்டும்?

கேள்வி

வணக்கம். அலமாரியையும் ஃப்ரிட்ஜையும் ஒழித்துச் சுத்தம் செய்தபோது, தேதி கடந்த பொருள்கள் பல மொத்தமாகக் கண்ணில் பட்டன. பிரிக்காத பிஸ்கட் பாக்கெட், பாதி தீர்ந்த சமையல் எண்ணெய், கொஞ்சம் வால்நட், டின்னில் அடைத்த பீன்ஸ் இரண்டு, அட்டைப்பெட்டியில் வரும் யுஎச்டி பால், ஒரு கப் தயிர், சமைக்காமல் அப்படியே சாப்பிடும் வகை இறைச்சித் துண்டுகள், கைக்குழந்தைக்கான பால்மாவு ஆகியவை அவை. இறைச்சியிலும் பால்மாவிலும் 'யூஸ் பை' என்றும், மற்றவற்றில் 'பெஸ்ட் பிஃபோர்' என்றும் அச்சிட்டிருக்கிறார்கள். ஒவ்வொன்றையும் முகர்ந்து பார்த்துவிட்டேன். இறைச்சி உட்பட எதிலும் கெட்ட வாடை இல்லை. வீட்டில் வயதான அம்மாவும் கைக்குழந்தையும் இருப்பதால் துணிந்து முடிவெடுக்கத் தயக்கமாக இருக்கிறது. எல்லாவற்றையும் குப்பையில் கொட்டவும் மனம் வரவில்லை. வாடை இல்லாவிட்டால் சாப்பிடலாம் என்று கொள்வது சரிதானா?

மறுமொழி 1

இறைச்சியையும் பால்மாவையும் இப்போதே எறிந்துவிடுங்கள். அவற்றில் யோசிக்க ஒன்றுமில்லை. 'யூஸ் பை' பாதுகாப்பைப் பற்றிய தேதி, 'பெஸ்ட் பிஃபோர்' தரத்தைப் பற்றிய தேதி. கோடெக்ஸ் அலிமென்டாரியஸ் என்ற சர்வதேச உணவுத் தரநிலை அமைப்பு 2018இல் திருத்திய பொட்டல உணவுத் தரநிலையும் இவற்றை இவ்வாறுதான் பிரிக்கிறது: முதலாவது கடந்தால் விற்கவும் கூடாது, உண்ணவும் கூடாது, இரண்டாவது கடந்த பின்னும் உணவு உண்ணத் தக்கதாக இருக்கலாம். இவ்விரண்டு தேதிகளுமே பிரிக்காத பொட்டலத்துக்கு, அதுவும் அதில் குறிப்பிட்டபடி பாதுகாத்து வைத்திருந்தால் மட்டுமே பொருந்தும் என்பதைத்தான் பலர் கவனிப்பதில்லை. பிரித்த நாளிலிருந்து கணக்கே வேறு.

முகர்ந்து பார்ப்பதைப் பற்றிக் கேட்டீர்கள். இறைச்சியில் வாடையையும் பிசுபிசுப்பையும் உண்டாக்குபவை சூடோமோனாஸ் போன்ற பாக்டீரியாக்கள். அவை உணவைக் கெடுக்கும், ஆனால் பெரும்பாலும் நம்மை நோயில் தள்ளுவதில்லை. லிஸ்டீரியா போன்ற நோய்க்கிருமியோ வாடை, நிறம், சுவை எதையும் மாற்றாமல் பெருகக்கூடியது. போதாததற்கு, ஃப்ரிட்ஜின் குளிரிலும் அது மெதுவாக வளரும். ஆரோக்கியமான ஒருவருக்குச் சில நாள் வயிற்றுக் கோளாறோடு போகக்கூடிய அது, முதியவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்கும் உயிருக்கே ஆபத்தாகலாம்; சாப்பிட்டுப் பல வாரங்கள் கழித்து நோய் தலைகாட்டுவதும் உண்டு. ஆகவே வாடை அடித்தால் எறியலாமே தவிர, வாடை இல்லை என்பதற்காகச் சாப்பிடக் கூடாது.

பால்மாவில், சத்துகள் குறிப்பிட்ட அளவில் இருப்பதற்கு அந்தத் தேதி வரைதான் உறுதி. குழந்தைக்கு அதுவே முழு உணவாக இருக்கும்போது, தேதி கடந்ததைக் கொடுப்பதற்கு எந்த நியாயமும் இல்லை.

மறுமொழி 2

உலர்ந்தவற்றைப் பற்றி நான் சொல்கிறேன். பிஸ்கட்டில் கிருமி பெருகுவதற்கு வேண்டிய ஈரமே கிடையாது. நீர்ச்செயல்பாடு என்று ஓர் அளவு உண்டு; உணவில் கிருமிக்குக் கிடைக்கும் ஈரத்தைக் குறிப்பது அது. தூய நீருக்கு அது 1. அந்த அளவு 0.85க்குக் கீழே இறங்கினால் நோய்க்கிருமிகள் பெருகுவதில்லை, 0.6க்குக் கீழே பூஞ்சையும் வளராது. பிஸ்கட் அதற்கும் கீழே இருக்கும். தேதி கடந்த பிஸ்கட் நமுத்திருக்கலாம், அதிலுள்ள கொழுப்பு லேசாகக் காறியிருக்கலாம். கடித்துப் பார்த்து, நன்றாக இருந்தால் சாப்பிடுங்கள்.

எண்ணெயும் வால்நட்டும் காற்றும் வெளிச்சமும் பட்டுச் சிக்குப் பிடிப்பவை. இங்கே மூக்கை நம்பலாம். சிக்குப் பிடித்த வால்நட்டில் பழைய பெயின்ட் டப்பாவைத் திறந்தது போன்ற வாடை வரும். நாக்கில் கசந்து தொண்டையில் காறும். அதை வறுத்தாலும் சரியாகாது. பருப்பில் பூசணம் பூத்திருந்தால் கதையே வேறு: ஆஸ்பெர்ஜிலஸ் பூஞ்சைகள் உண்டாக்கும் அஃப்லடாக்சின், ஈரலைப் பாதிக்கும் நச்சு; கழுவினாலும் வறுத்தாலும் அது போகாது. பூத்த பருப்பை மட்டும் பொறுக்கி எறியாமல் மொத்தத்தையும் எறிய வேண்டும்.

மறுமொழி 3

இவ்வளவு யோசிப்பானேன்? சந்தேகமாக இருப்பதை நன்றாகக் கொதிக்கவைத்துவிட்டால் எந்தக் கிருமியாக இருந்தாலும் செத்துவிடுமே. நான் அப்படித்தான் செய்துவருகிறேன்.

மறுமொழி 1

கிருமி சாகும், அது முன்பே விட்டுச் சென்ற நச்சு எல்லா நேரமும் அழியாது. ஸ்டெஃபிலோகாக்கஸ் ஆரியஸ் உண்டாக்கும் நச்சு கொதிநிலையைத் தாங்கும். சமைத்த சோற்றை வெளியே வைத்திருக்கும்போது பெருகும் பேசிலஸ் சீரியஸ் உண்டாக்கும் வாந்தி நச்சோ 121 டிகிரி செல்சியஸில் ஒன்றரை மணி நேரம் வைத்தாலும் அழிவதில்லை. ஊசிப்போனதை மறுபடி சுடவைப்பதால் அது நல்ல உணவாகிவிடாது.

கேள்வி கேட்டவருக்கு: டின்கள் உப்பியிருக்கின்றனவா, கசிவு, துரு, நசுங்கல் ஏதாவது உண்டா? ஃப்ரிட்ஜுக்குள் வெப்பநிலை எவ்வளவு? அதன் முகப்பில் காட்டும் எண்ணைச் சொல்லாதீர்கள். ஒரு தம்ளர் தண்ணீரில் தெர்மோமீட்டரைப் போட்டு நடுத்தட்டில் இரவு முழுவதும் வைத்துப் பாருங்கள். கதவைத் திறந்து மூடும்போது காற்றின் வெப்பம் ஏறி இறங்கும். தண்ணீர் அவ்வளவு சீக்கிரம் மாறாது.

கேட்டவர்

மிக்க நன்றி. இறைச்சியும் பால்மாவும் போய்விட்டன. வால்நட்டைக் கடித்தேன், நீங்கள் சொன்ன அதே காறல்; அதையும் எறிந்தேன். ஒரு டின் சீராக இருக்கிறது. மற்றொன்றின் மேல் விளிம்பு, மூடி சேரும் மடிப்பிலேயே நசுங்கியிருக்கிறது. உப்பவில்லை, கசியவும் இல்லை. தயிரின் மேல் தெளிந்த நீர் நிற்கிறது, பூசணம் இல்லை. தெர்மோமீட்டர் 9 டிகிரி காட்டியது. இது அதிகமா?

மறுமொழி 1

அதிகம்தான், உங்கள் வீட்டில் உண்மையான சிக்கலே அதுதான் என்று நினைக்கிறேன். 5 டிகிரிக்கு மேல் போகக் கூடாது. 5 முதல் 60 டிகிரி வரையிலான வெப்பநிலையில்தான் நோய்க்கிருமிகள் வேகமாகப் பெருகும். ஃப்ரிட்ஜில் வைக்க வேண்டிய பொருளின் தேதி, அது உரிய குளிரில் இருந்தது என்று வைத்துக்கொண்டு அச்சிட்டது; 9 டிகிரியில் இருந்த பொருளுக்கு, கடக்காத தேதியையும் நம்ப முடியாது. மீந்த குழம்பு, சமைத்த இறைச்சி போன்றவை உள்ளே இருந்தால் அவற்றையும் எறிந்துவிடுங்கள்.

விளிம்பில் நசுங்கிய டின்னைத் திறக்காமலே எறியுங்கள். அந்த மடிப்புதான் டின்னின் முத்திரை. அதில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் விட்டிருக்கலாம். பீன்ஸில் புளிப்பு குறைவு, காரகாடித்தன்மை (pH; புளிப்பு கூடக் கூட இந்த எண் குறையும்) 4.6க்கு மேல் இருக்கும் உணவில், காற்றில்லாத இடத்தில், போட்டுலிசம் என்ற கொடிய நச்சு நோயை உண்டாக்கும் கிளாஸ்ட்ரிடியம் பாக்டீரியா வளர முடியும். அது உண்டாக்கும் நச்சுக்கு வாடையும் இல்லை, சுவையும் இல்லை. இத்துனூண்டு ருசி பார்ப்பதே ஆபத்து. சீராக உள்ள டின் தேதி கடந்திருந்தாலும் சாப்பிடத் தக்கது; திறக்கும்போது பீறிட்டு அடித்தாலோ உள்ளே நுரைத்திருந்தாலோ அதையும் எறிய வேண்டும்.

யுஎச்டி பால் 135 டிகிரிக்கு மேல் சில நொடிகள் சூடாக்கிக் காற்றுப் புகாமல் அடைத்தது. பெட்டி உப்பாமலும், பால் திரியாமலும், புளித்த வாடை இல்லாமலும் இருந்தால் நீங்கள் குடிக்கலாம். திறந்த பின் அதுவும் மற்றப் பாலைப் போலச் சில நாளில் கெட்டுவிடும். தயிரில் பிரிந்து நிற்பது மோர்த் தெளிவு. அதில் குற்றமில்லை, தயிரின் புளிப்பும் ஒரு காவல்தான். இருந்தாலும், ஃப்ரிட்ஜ் இப்படி இருந்ததால் அம்மாவுக்கும் குழந்தைக்கும் அந்தக் கப்பைக் கொடுக்க வேண்டாம்.

மறுமொழி 2

ஃப்ரிட்ஜுக்கு ஆளைக் கூப்பிடுவதற்கு முன் கதவு ரப்பரைப் பாருங்கள். ஒரு தாளைக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுங்கள். எந்த இடத்தில் தடையின்றி உருவிக்கொண்டு வருகிறதோ அங்கே குளிர் வெளியேறுகிறது. பெரும்பாலும் ரப்பர் மடிப்பில் அழுக்கு சேர்ந்திருக்கும்; சோப்பு நீரில் துடைத்தாலே மறுபடி ஒட்டும். உள்ளே குளிர்காற்று வரும் துளையை ஏதாவது பாத்திரம் அடைத்துக்கொண்டிருந்தால் தள்ளி வையுங்கள். பிறகு திருகைக் குறைந்த வெப்பநிலைப் பக்கம் திருப்பி, மறுநாள் மீண்டும் அளந்து பாருங்கள். அப்போதும் 5க்குக் கீழே இறங்கவில்லை என்றால் மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.