பக்கம் மாற மாற மெமரி ஏறிக்கொண்டே போகிறது, எங்கே தேடுவது?

நாகலூர்_மேடு:
ஏற்காட்டில் ஒரு காபி எஸ்டேட்டுக்குப் பழ எடையைப் பதிவு செய்ய வெப் ஆப் எழுதிக் கொடுத்திருக்கிறேன். திரைகளுக்கு ரியாக்ட், வரைபடத்துக்கு லீஃப்லெட், இரண்டும் ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரிகள். எடைக் கொட்டகையில் ஒரு டேப்லெட், காலை முதல் இருட்டும்வரை அதே டேப் திறந்திருக்கும். மேஸ்திரி ஆள் பட்டியலைத் திறப்பார், கிலோவைப் போடுவார், எந்தப் பகுதியில் பறித்தது என்று வரைபடத்தில் தொடுவார், திரும்பப் பட்டியல். இப்படி நாள் முழுக்க. மூன்று மணிக்கு மேல் தொட்டால் நகரவே நேரமாகிறது, அதிலும் சிக்னல் போய் வந்தால் திணறல் அதிகம். நேற்று மூட்டையோடு எல்லாரும் வரிசையில் நிற்கும்போது வெள்ளைத் திரை வந்துவிட்டது. லேப்டாப்பில் பார்த்தால் 18 எம்பியில் தொடங்கிய ஹீப் (ஆப் பிடித்திருக்கும் மெமரி), பட்டியலுக்கும் வரைபடத்துக்கும் ஐம்பது முறை போய் வந்ததும் 140. குரோம் டெவ்டூல்ஸில் அந்த ஹீப்பை ஸ்நாப்ஷாட் எடுத்தேன், ஆயிரக்கணக்கான வரிகள், எதைப் பார்ப்பது என்று புரியவில்லை. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை தானாக ரீலோட் வைத்துவிடலாமா?

அஸ்தம்பட்டிக்காரன்:
ரீலோட் வேண்டாம். பாதி எடை அடித்திருக்கும்போது ரீலோட் ஆனால் யாரோ ஒருவரின் அன்றைய கூலி போய்விடும்.

இன்காக்னிட்டோவில் திறங்கள், எக்ஸ்டென்ஷன்கள் வேண்டாம். மினிஃபை செய்யாத, அதாவது பெயர்களைச் சுருக்காத புரொடக்ஷன் பில்ட் போதும், டெவ் பில்டில் ரியாக்டே சிலதைப் பிடித்து வைத்திருக்கும். முதலில் ஒருமுறை வரைபடத்துக்குப் போய்த் திரும்புங்கள், கேஷ் நிரம்புவது அதோடு முடியட்டும். அப்புறம் முதல் ஸ்நாப்ஷாட். பிறகு சரியாக ஏழு முறை போய் வந்து இரண்டாவது. ஏழு ஏன் என்றால், இரண்டையும் ஒப்பிடும் கம்பாரிசன் பார்வையில் +7, +14 என்று நிற்பவைதான் உங்கள் ஆள், மற்ற இரைச்சலில் அந்த எண் தற்செயலாக வருவது அரிது. ஸ்நாப்ஷாட்டுக்கு முன் யாரும் பயன்படுத்தாத ஆப்ஜெக்ட்களைக் குரோமே குப்பையாகக் கூட்டிவிடும், ஆகவே கூடுதலாக மிஞ்சியதை யாரோ பிடித்து வைத்திருக்கிறார்கள் என்றுதான் பொருள். மேலே 'டிடாச்டு' (பக்கத்திலிருந்து கழன்றும் மெமரியில் நிற்பவை) என்று தேடி, ஒன்றைத் தொட்டு, கீழே அதை யார் பிடித்திருக்கிறார்கள் என்று காட்டும் ரிடெய்னர்ஸைப் படியுங்கள். கன்சோலில் ஆப்ஜெக்டை லாக் செய்யும் வரிகளை எடுத்துவிடுங்கள், டெவ்டூல்ஸ் திறந்திருக்கும்வரை அவையும் விடாது.

நாகலூர்_மேடு:
அண்ணா, கிடைத்தது. லீஃப்லெட் கண்டெய்னர் டிவ், டிடாச்டு, சரியாக +7. ரிடெய்னர்ஸில் டிவ், அதைப் பிடித்த மேப், அதைப் பிடித்த ஒரு ஃபங்ஷன், கடைசியில் விண்டோ. சிக்னல் திரும்பியதும் பகுதி வாரி மொத்தத்தை வாங்கி வரைய 'ஆன்லைன்' ஈவென்ட்டுக்கு விண்டோவில் லிசனர் (ஈவென்ட் வந்ததும் ஓடும் ஃபங்ஷன்) போட்டிருக்கிறேன், அதுதான். ஆனால் வரைபடத் திரையை விட்டுப் போகும்போது ஓடும் யூஸ்எஃபெக்ட் கிளீனப்பில் ரிமூவ்ஈவென்ட்லிசனர் இருக்கிறதே? மேப்பின் ரிமூவும் இருக்கிறது.

கொண்டலாம்பட்டி_ரவுண்டானா:
ஆட் செய்யும்போது பெயரில்லாத ஒரு ஏரோ ஃபங்ஷன், ரிமூவ் செய்யும்போது அதே மாதிரி இன்னொன்று எழுதியிருப்பீர்கள். எழுத்து ஒன்றாக இருந்தாலும் அவை இரண்டு வேறு ஃபங்ஷன்கள், பிரவுசர் எதையும் நீக்காது, பிழையும் காட்டாது. எனக்கே இதில் ஒருமுறை இரண்டு நாள் போனது. சாதாரண வெப்சைட்டில் பக்கம் மாறினால் எல்லாம் துடைத்துப் போகும், இங்கே ரியாக்ட் ஒரே பக்கத்துக்குள் திரையை மட்டும் மாற்றுவதால் விண்டோ அப்படியே இருக்கிறது, நீங்கள் விட்டுவிட்டதெல்லாம் அதில் தொங்கும். சிக்னல் வந்ததும் திணறுவதற்கும் இதுதான் காரணம்: ஐம்பது பழைய லிசனர்களும் ஒரே நொடியில் ஓடுகின்றன. நெட்வொர்க் டேபில் ஆஃப்லைன் போட்டு எடுத்துப் பாருங்கள், ஒரே ரிக்வெஸ்ட் வரிசையாக இறங்கும்.

ஃபங்ஷனுக்குப் பெயர் வைத்து இரண்டிலும் அதையே கொடுங்கள். இல்லையென்றால் அபார்ட்கண்ட்ரோலரின் சிக்னலை லிசனருக்குக் கொடுத்து, கிளீனப்பில் ஒரே ஒரு அபார்ட், எத்தனை லிசனர் இருந்தாலும் போய்விடும். மிகப் பழைய பிரவுசர் அந்த ஆப்ஷனைக் கண்டுகொள்ளாது, டேப்லெட்டில் குரோமை அப்டேட் செய்துகொள்ளுங்கள்.

அஸ்தம்பட்டிக்காரன்:
சரி செய்தபின் மெமரி கசிவைக் கண்டுபிடிக்க மெட்டா 2022-ல் வெளியிட்ட மெம்லேப் என்ற கருவியையும் ஓட்டுங்கள். பக்கம் திறப்பது, போவது, திரும்புவது என்று மூன்றை எழுதிக் கொடுத்தால் இதே ஒப்பீட்டை அதுவே செய்யும். ஒவ்வொரு ரிலீஸுக்கும் 20 கொண்டை ஊசி வளைவு ஏறிப் போய்ப் பார்க்க வேண்டியதில்லை.

நாகலூர்_மேடு:
நெட்வொர்க் டேபில் பார்த்தேன், நீங்கள் சொன்னபடியே 51 ரிக்வெஸ்ட். அபார்ட்கண்ட்ரோலர் முறைக்கு மாற்றிவிட்டேன். இன்னும் ஒரு +7 இருந்தது, இடத்தைத் தொடர்ந்து கவனிக்க ஜிபிஎஸ்ஸுக்குப் போட்ட வாட்ச்பொசிஷனுக்கு, அதை நிறுத்தும் கிளியர்வாட்ச் எழுதவே இல்லை. இப்போது ஐம்பது முறை போய் வந்தாலும் 21 எம்பி. நாளை காலை முதல் பஸ்ஸில் மேலே போகிறேன், எடை முடியும்வரை கொட்டகையிலேயே இருந்து பார்த்துவிட்டு எழுதுகிறேன்.