குறைவாகப் பயன்படுத்துபவருக்கு எந்த ப்ரீபெய்டு பிளான்? அனுபவப் பகிர்வு

அலைவரிசை:
பிளான் தேடுபவர்கள் எடுத்தவுடன் எத்தனை ஜிபி என்றுதான் கேட்கிறார்கள். எப்போதாவது பேசுகிறவருக்கு அது கடைசியாகக் கேட்க வேண்டிய கேள்வி. அவர் காசு கொடுப்பது எண் உயிரோடு இருப்பதற்காக. அதனால் வேலிடிட்டியில் ஆரம்பியுங்கள். பிளான் விலையை அதன் நாட்களால் வகுத்து 365-ஆல் பெருக்கினால் வருடச் செலவு வரும். அந்தத் தொகைகளை மட்டும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 28 நாள் பிளானை மாதக் கணக்கில் எடுத்து 12 ரீசார்ஜ் என்று நினைப்பவர்கள் ஏராளம். உண்மையில் வருடத்துக்கு 13 ஆகும். 84 நாள் பிளான் நான்கு போட்டாலும் 336 நாள்தான், மிச்சம் 29 நாள் நிற்கும்.

இன்னொன்று: மெயின் பேலன்ஸில் காசு இருந்தால் எண் ஓடும் என்பது தவறான நம்பிக்கை. பேலன்ஸ் வேறு, வேலிடிட்டி வேறு. வேலிடிட்டி முடிந்தால் பெரும்பாலும் முதலில் அவுட்கோயிங் நிற்கும், பிறகு இன்கமிங், கடைசியில் எண்ணே பறிபோய்க் கொஞ்சக் காலம் கழித்து வேறொருவர் கைக்குப் போகும். வங்கி ஓடிபியும் அவருக்குத்தான் போய்ச்சேரும். முடிகிற தேதிக்கு ஐந்து நாள் முன்னால் போன் காலண்டரில் நினைவூட்டல் வைத்துவிடுங்கள்.

மின்மினி:
பேசுகிற நேரத்தை எப்படிக் கணக்கிடுகிறார்கள் என்பதையும் பாருங்கள். நிமிடக் கணக்குப் பிளானில் 61 விநாடி பேசினால் 2 நிமிடம் போய்விடும். "வந்துட்டேன்", "கதவைத் திற" என்று 20 விநாடியில் முடிகிற அழைப்பு பத்து என்றால், பேசியது மூன்றரை நிமிடம்கூட இல்லை. கழிவது பத்து நிமிடம். இப்படிச் சின்னச்சின்னதாகப் பேசுபவருக்கு விநாடிக் கட்டணம்தான் லாபம், நிமிட விலை சற்றுக் கூடுதலாகத் தெரிந்தாலும்.

எஸ்எம்எஸ் அனுப்புபவர்களுக்கு: சாதாரண ஆங்கில எழுத்தில் ஒரு செய்திக்கு 160 இடம், தமிழில் 70 மட்டும். புள்ளி, கால், கொம்பு எல்லாம் தனித்தனியாக எண்ணப்படும்; "வணக்கம்" நம் கண்ணுக்கு ஐந்தெழுத்து, கணக்கில் ஏழு. 70-ஐத் தாண்டினால் துண்டுக்கு 67 என்று பிரிந்து இரண்டு செய்திக்கான காசு போகும். ஆங்கிலச் செய்தியில் ஒரே ஒரு எமோஜி வைத்தாலும் அதே 70 கணக்குத்தான்.

திசைமானி:
மின்மினி சொன்னதைக் கணக்கிட போனின் கால் லாக் (அழைப்புப் பட்டியல்) போதும். டேட்டாவுக்கு செட்டிங்ஸில் டேட்டா யூசேஜ் பக்கம் போய் மொபைல் டேட்டாவை மட்டும் மூன்று மாதத்துக்குப் பாருங்கள். வைஃபை கணக்கைச் சேர்க்க வேண்டாம். அதிகம் போன ஒரு மாதத்தை வைத்துப் பெரிய பிளான் எடுப்பது வீண். சராசரிக்கு எடுத்துக்கொண்டு, தேவைப்படும் மாதத்தில் டேட்டா ஆட்-ஆன் போட்டுக்கொள்ளலாம். ஆனால் ஆட்-ஆனுக்குத் தனி வேலிடிட்டி உண்டா, அடிப்படைப் பிளானோடு சேர்ந்தே முடிகிறதா என்று வாங்கும் முன் படித்துவிடுங்கள்.

நாம் தொடாமலேயே டேட்டா காலியாவதற்குக் காரணம் பெரும்பாலும் ஆப் அப்டேட், போட்டோ பேக்கப், தானாக ஓடும் வீடியோ. முதல் இரண்டையும் "வைஃபையில் மட்டும்" என்று மாற்றுங்கள், மூன்றாவதை நிறுத்துங்கள். வைஃபை பலவீனமானால் தானாக மொபைல் டேட்டாவுக்குத் தாவும் வசதி சில போன்களில் இருக்கிறது, அதையும் அணைத்துவிடுங்கள். டேட்டா பேக்கே இல்லாத சிம்மில் மொபைல் டேட்டாவை ஆன் செய்து விட்டால் மெயின் பேலன்ஸ் கரையக்கூடும்.

"அன்லிமிடெட்" என்று போட்டிருந்தால், வரம்புக்குப் பிறகு வேகம் எவ்வளவு என்று தேடுங்கள். 64 கேபிபிஎஸ் என்றால் ஒரு எம்பி இறங்க இரண்டு நிமிடத்துக்கு மேல் ஆகும். எழுத்துச் செய்தி போகும், படம் நகராது.

பழையபோன்:
பிளானை விடப் போனைச் சோதியுங்கள் என்பேன். 2ஜி, 3ஜி நிறுத்தப்பட்ட இடங்களில் வோல்ட்இ (4ஜி வழியாகவே பேசும் வசதி) இல்லாமல் சாதாரண அழைப்பு போகாது. போனில் 4ஜி இருப்பது மட்டும் போதாது. சில மாடல்களில் இன்டர்நெட் ஓடும், அழைப்பு மட்டும் போகாது. யாருக்காவது அழைத்துக்கொண்டே மேலே உள்ள குறியைக் கவனியுங்கள். 4ஜி அல்லது எல்டிஇ மாறாமல் நின்றால் சரி; 3ஜி, ஹெச், ஈ என்று இறங்கினால் வோல்ட்இ வேலை செய்யவில்லை. *#06# அழுத்தினால் வரும் ஐஎம்இஐ எண்ணை (போனின் அடையாள எண்) கொடுத்து, உங்கள் மாடலை அந்த நெட்வொர்க் ஏற்கிறதா என்று சிம் வாங்கும் முன்பே கேளுங்கள்.

அலைவரிசை:
பழையபோன் சொன்னது மிக முக்கியம். நிறுவனம் மாறுபவர்களுக்கு ஒரு சேர்க்கை: புது சிம் ஓட ஆரம்பிக்கும்வரை பழையதை ரத்து செய்யாதீர்கள், வேலிடிட்டியும் முடிய விடாதீர்கள், செத்த எண்ணை போர்ட் செய்வது, அதாவது அதே எண்ணோடு வேறு நிறுவனத்துக்கு மாறுவது, பெரும்பாலும் முடியாது. பழைய பேலன்ஸ் பொதுவாகப் புது சிம்முக்கு வராது, தீர்த்துவிட்டு மாறுங்கள். மாறும் வேளையில் சில மணி நேரம் ஓடிபி வராமல் போகலாம், அன்றைக்கு வங்கி வேலை வைத்துக்கொள்ள வேண்டாம்.