கடல் எடுத்த வீடுகள், அப்பாவின் நோட்டு: நம் கரையின் பழைய நினைவுகளைப் பகிருங்கள்

மார்த்தாண்டன்துறையிலிருந்து

அம்மா இறந்த பிறகு வீட்டை ஒதுக்கும்போது, அப்பாவின் டிரங்குப் பெட்டிக்கு அடியில் ஒரு நோட்டு கிடைத்தது. அட்டை போய்விட்டது. உப்புக் காற்றில் தாளின் ஓரமெல்லாம் பழுத்து, தொட்டால் உதிர்கிறது. விரித்துப் பார்த்தால் முழுக்க மலையாள எழுத்து.

அப்பா படித்தது நாலாம் வகுப்பு வரை, அதுவும் மலையாளப் பள்ளிக்கூடத்தில். 1956 நவம்பர் 1-ம் தேதி எங்கள் ஊர் இருந்த விளவங்கோடு தாலுகா (இன்றைய கன்னியாகுமரி மாவட்டம்) திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து சென்னை மாநிலத்தோடு சேர்ந்தபோது, அவர் பள்ளிக்கூடத்தை விட்டுக் கட்டுமரத்தில் ஏறியிருந்தார். நான் தமிழில் படித்தவன். மலையாளம் என் காதுக்குத் தெரியும், கண்ணுக்குத் தெரியாது. அப்பாவுக்கு இப்போது பார்வை இல்லை. ஆக, எழுதியவராலும் அதைப் படிக்க முடியாது, மகனாலும் முடியாது.

என்னோடு வேலை செய்யும் டீச்சர் ஒருவர் நெய்யாற்றின்கரைக்காரர். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரை வீட்டுக்குக் கூட்டி வந்தேன். முதல் பக்கத்தை எழுத்துக் கூட்டிப் படித்தார், நிறுத்தினார். "சாரே, இது மலையாளமே இல்லையே" என்றார். எழுத்துதான் மலையாளம், வார்த்தை எல்லாம் எங்கள் கடற்கரைத் தமிழ். நீவாடு என்று வாசித்துவிட்டு அவர் முழிக்கிறார். மூலையில் நாற்காலியில் இருந்த அப்பா, "கடல்ல ஒழுக்கு டீச்சரே, ஒழுக்கு" என்கிறார். அன்றைக்கு மூன்று மணி நேரம் இப்படியே போயிற்று. டீச்சர் சத்தத்தைக் கொடுக்க, அப்பா அர்த்தத்தைக் கொடுக்க, நான் நடுவில் உட்கார்ந்து தமிழில் எழுதிக்கொண்டே இருந்தேன்.

நோட்டில் பாதிக்கு மேல் கணிச்சம். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். கடலுக்கு அடியில் பார் இருக்கும், பாறைத் திட்டு. மீன் அங்கேதான் கூடும். ஜிபிஎஸ் வருவதற்கு முன்பு அந்த இடத்துக்கு எப்படிப் போய் நின்றார்கள்? கரையைப் பார்த்துத்தான். கரையோரத்தில் ஓர் அடையாளம், அதற்கு நேர் பின்னால் தூரத்தில் ஒரு மலை முகடு. இரண்டும் ஒன்றின் மேல் ஒன்றாக வந்தால் ஒரு கோட்டில் நிற்கிறோம். இன்னொரு பக்கம் இதேபோல இன்னொரு ஜோடி. இரண்டு கோடும் வெட்டுகிற இடத்தில் கல்லைக் கட்டிக் கயிற்றை இறக்குவார்கள், இத்தனை பாகம் என்று ஆழம் தட்டும். அதுதான் பார்.

டீச்சர் வாசிக்க வாசிக்க எனக்கு உடம்பு சிலிர்த்தது. அப்பா குறித்து வைத்திருக்கும் மலைகள் எல்லாம் இன்றைக்கும் நிற்கின்றன. கரை அடையாளங்களில் முக்கால்வாசி இல்லை. பழைய பள்ளியின், அதாவது தேவாலயத்தின், மணிக்கூண்டு, ஓட்டு வீட்டின் முகடு, கூனன் தெங்கு என்று ஒரு தென்னை. பள்ளியை இடித்துப் புதிதாகக் கட்டிவிட்டார்கள். மற்றதை எல்லாம் கடல் எடுத்துவிட்டது. நான் பிறந்த பிறகே இங்கே இரண்டு வரிசை வீடுகள் போயிருக்கின்றன. அந்த வீடுகள் எங்கே நின்றன என்று கேட்டால், கையை நீட்டித் தண்ணீரைக் காட்ட வேண்டியிருக்கிறது. எந்த வரைபடத்திலும் நான் அவற்றைப் பார்த்ததில்லை. அப்பா நோட்டில் இருக்கின்றன.

ஆனால் அப்பா ஒரு கண்டிப்பு போட்டிருக்கிறார். "காத்து எழுது மக்களே, மீன் பேரு எழுது, செத்தவன் பேரு எழுது. கணிச்சத்த மட்டும் வெளிய கொடுக்காத. அது நம்ம நாலு வீட்டுக் கஞ்சி." அதனால் எந்தப் பார், எந்த முகடு என்று இங்கே எழுத மாட்டேன். கரையில் நின்ற அடையாளங்களை மட்டும் சொல்கிறேன். நீரோடியிலிருந்து இரயுமன்துறை வரைக்கும் உள்ளவர்கள், எல்லைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் இருக்கும் பொழியூர்க்காரர்கள், உங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொன்னதை எழுதுங்கள். சின்ன விஷயம் என்று விட்டுவிடாதீர்கள்.

தூத்தூரிலிருந்து, இப்போது கொச்சி தோப்பும்படி

நான் விசைப்படகில் ஸ்ராங்கு, படகை ஓட்டுகிறவன். கடலில் ஒரு தங்கலுக்கு முப்பது நாள், நாற்பது நாள் ஆகும். சுறா பிடிக்க நம் ஆட்கள் குஜராத் கடல் வரை போகிறார்கள் என்று ஊருக்கெல்லாம் தெரியும். ராத்திரி தூண்டில் போட்டுவிட்டுச் சும்மா இருக்கும் நேரத்தில் பெரியவர்கள் பேசுவதை யாரும் எழுதுவதில்லை. போன வருஷம் முதல் நான் போனில் பதிவு செய்கிறேன். ஒன்று கவனித்தேன். போனை முகத்துக்கு நேரே நீட்டினால் பேச மாட்டார்கள். வலை பொத்தும்போது, தூண்டிலில் இரை கோக்கும்போது பக்கத்தில் வைத்துவிட வேண்டும். கை வேலை செய்தால் வாய் தானாகத் திறக்கும். எஞ்சின் சத்தம் கொஞ்சம் இடைஞ்சல்தான்.

சின்னத்துறையிலிருந்து

2017 நவம்பர் 30. ஒக்கி புயல். அன்றைக்கும் அதற்குப் பின் வந்த நாட்களிலும் நாங்கள் கோயில் முன்னால் பெஞ்சு போட்டு உட்கார்ந்து, கடலுக்குப் போயிருந்தவர்களின் பட்டியல் எழுதினோம். எந்தப் படகு, எத்தனை பேர், எந்தத் துறைமுகத்திலிருந்து போனது, வயர்லெஸ்ஸில் கடைசியாக யார் பேசியது. பெண்கள் வரிசையில் நின்று சொல்லச் சொல்ல நான் எழுதினேன்.

முதல் நாள் தாளில் பாதிப் பேர் பட்டப்பேரில்தான் இருக்கிறார்கள். பெண்டாட்டியே அந்தப் பேரைத்தான் சொன்னாள், எங்களுக்கும் அதுதான் தெரியும். இரண்டு நாள் கழித்து ஆதார் கார்டில் உள்ள பேர் வேண்டும் என்று கேட்டார்கள். உட்கார்ந்து ஒவ்வொரு பட்டப்பேருக்கும் கார்டுப் பேரைத் தேடி எழுதினோம். அப்புறம் எல்லா இடத்திலும் அந்தப் பேர்தான் ஓடியது. ஃபிளெக்ஸ், மனு, டிவி எல்லாம். ஊரில் வாழ்ந்த பேர் எங்கேயும் இல்லை.

அந்த முதல் தாளை நான் தூக்கிப் போடவில்லை. பிளாஸ்டிக் உறையில் வைத்திருக்கிறேன். ஒரு பேருக்கு நேராக மை கலங்கியிருக்கிறது, சொன்ன பெண்ணின் ஈரக் கை பட்டது. பட்டப்பேர் ஏன் வந்தது என்று இப்போது ஒவ்வொரு வீட்டிலும் கேட்டு எழுதுகிறேன். ஒருவருக்கு நாலு வயதில் தனியாகப் பிடித்த மீனின் பேர். இன்னொருவருக்கு அவர் அப்பாவின் கட்டுமரத்துப் பேர். இதைக் கேட்கப் போனால் முதலில் அழுகிறார்கள், அப்புறம் சிரித்துக்கொண்டே சொல்கிறார்கள். வீட்டுக்காரர்கள் சரி என்று சொன்னதை மட்டும்தான் எழுதுவேன்.

தூத்தூரிலிருந்து இன்னொருவர்

புனித சவேரியார் 1545 ஜனவரி 27 அன்று கொச்சியிலிருந்து எழுதிய கடிதத்தில், திருவிதாங்கூர் கரையில் ஒரே மாதத்தில் 10,000-க்கும் மேற்பட்டவர்களுக்கு ஞானஸ்நானம் கொடுத்ததாகச் சொல்கிறார். அதை நாங்கள் மறைக்கல்வி வகுப்பிலேயே படித்தோம். அந்தப் பத்தாயிரம் பேரில் ஒருவர்கூட அன்றைக்கு என்ன நினைத்தார் என்று நமக்குத் தெரியாது. ராத்திரி வீட்டுக்குப் போய் அம்மாவிடம் என்ன சொன்னார்? புதுப் பேரை வாய்க்கு வந்தபடி எப்படிக் கூப்பிட்டார்கள்? குளச்சலில் 1741-ல் டச்சுக்காரர்களைத் தோற்கடித்ததற்குக் கடற்கரையில் தூண் நிற்கிறது, ராஜாவின் பேர் எல்லோருக்கும் தெரியும். நம்மைப் பற்றி மற்றவர்கள் எழுதியது நிறைய. நாம் எழுதியது என்று அந்த அப்பாவின் நோட்டைப் போல ஒன்றிரண்டுதான். சார், தயவுசெய்து ஒவ்வொரு பக்கத்தையும் போட்டோ எடுத்து இரண்டு மூன்று இடத்தில் வையுங்கள். பெட்டியில் நாப்தலின் உருண்டை போடாதீர்கள், பருத்தித் துணியில் சுற்றி வையுங்கள்.

பொழியூரிலிருந்து

நான் அந்தப் பக்கத்துக்காரி என்று நீங்கள் சொல்வீர்கள். என் அம்மச்சி (பாட்டி) நீரோடிப் பெண். ரேஷன் கார்டு வேறு, பஸ் வேறு, போர்டு வேறு. திருமணமும் சாவும் மீனும் ஒன்று. என் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் மலையாளம், வீட்டில் நம் பேச்சு. நோட்டில் இன்னும் வாசிக்க வேண்டியது இருந்தால் அனுப்புங்கள் அண்ணா. எனக்கு எழுத்தும் தெரியும், நீவாடும் தெரியும்.

வள்ளவிளையிலிருந்து

ஏவிஎம் கால்வாயைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. அனந்தன், விக்டோரியா, மார்த்தாண்டன் என்று பத்மநாபசாமிக்கும் ராணிக்கும் ராஜாவுக்குமாகச் சேர்த்து வைத்த பேர். திருவனந்தபுரத்திலிருந்து கன்னியாகுமரி வரைக்கும் வள்ளம் போக வேண்டும் என்று 1860 வாக்கில் வெட்டத் தொடங்கி, மண்டைக்காட்டோடு நின்றுபோனது. எங்கள் அம்மச்சி அதில் கதம்பை (தேங்காய் மட்டை) அழுகப் போட்டு, தும்பு அடித்து, கயிறு திரித்துத்தான் ஐந்து பிள்ளைகளை வளர்த்தாள். கதம்பை நாற்றம் அவள் சேலையில் கடைசிவரை இருந்தது. எனக்கு அது அம்மச்சியின் வாசம், இன்றைக்கும் எங்கேயாவது அடித்தால் நின்றுவிடுவேன். இப்போது கால்வாய் சில இடத்தில் சாக்கடை, சில இடத்தில் மண் மூடி வழி தெரியாது. கரைக்கு இந்தப் பக்கம் கடல், அந்தப் பக்கம் கால்வாய், நடுவில் நாம். அவ்வளவு ஒடுங்கலான இடம்.

தேங்காய்ப்பட்டணத்திலிருந்து

இரயுமன்துறைக்கும் எங்களுக்கும் நடுவில் ஆறு கடலில் விழுகிறது. துறைமுகம் வருவதற்கு முன் முகத்துவாரம் எப்படி இருந்தது, எந்த மாதம் மண் மூடும், எப்போது உடையும் என்று எங்கள் வாப்பா விரலில் எண்ணிச் சொல்வார். அந்த வாயில் படகு கவிழ்ந்து எத்தனை உயிர் போயிருக்கிறது. பெரியவர்கள் சொல்வதைப் பழங்கதை என்று தள்ளாமல், இதையும் உங்கள் நோட்டில் சேருங்கள். வாப்பா பேசியதைப் பதிவு செய்து அனுப்புகிறேன்.

நாகர்கோவிலிலிருந்து, பிறந்த ஊர் மார்த்தாண்டன்துறை

நான் இதை மூன்று தடவை படித்தேன். கூனன் தெங்கு என்று எழுதியிருக்கிறீர்களே, அது கால்வாய்ப் பக்கத்து ஓட்டு வீட்டு முற்றத்தில் நின்றதா?

எங்கள் முற்றத்தில் அப்படி ஒரு தென்னை நின்றது. மற்ற மரங்களை விட உயரம், நடுவில் முதுகு வளைந்து மேலே நிமிரும். காய்ப்பு கிடையாது. ஓலை விழுந்து ஓடு உடையும். வருஷா வருஷம் அம்மச்சி அதை வெட்டச் சொல்லிச் சண்டை போடுவாள், பாட்டா அசைய மாட்டார். "நிக்கட்டும், நம்ம மரம் இல்ல அது" என்பார். நம் முற்றத்தில் நிற்கிற மரம் எப்படி நம் மரம் இல்லாமல் போகும் என்று எனக்குக் குழப்பமாக இருக்கும். பாட்டா கடலுக்குப் போகிறவர் இல்லை, கயிறு வியாபாரம்.

நல்ல மீன்பாடு உள்ள நாளில் யாரோ வேலியில் ஓலைக் கொத்தில் விளமீன் கோத்துத் தொங்கவிட்டுப் போவார்கள். யார் என்று பார்த்ததில்லை. ஒரு தடவை நான் கேட்டபோது பாட்டா, "தெங்குக்குள்ள பங்கு" என்றார். ஏதோ நேர்ச்சை என்றே இத்தனை வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

எனக்கு ஒன்பது வயதிருக்கும், ஆனி மாதம் ராத்திரி கடல் வந்தது. முதலில் அடுக்களை போயிற்று. நாங்கள் பள்ளிக்கூடத்தில் போய்க் கிடந்தோம். விடிந்து வந்து பார்க்கும்போது தெங்கு மட்டும் தண்ணீருக்குள் நின்றது. மூன்றாம் நாள் அதுவும் இல்லை. பாட்டா வீட்டுக்கு அழவில்லை, அதற்கு அழுதார்.

மார்த்தாண்டன்துறையிலிருந்து

அக்கா, நீங்கள் எழுதியதை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். வெகு நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம், "கயிறுகாரர் வீட்டுப் பிள்ளையா?" என்று கேட்டார். மீன் வைத்தது எங்கள் நாலு வீட்டு ஆட்கள்தான். மரத்தை வெட்டாமல் இருக்க உங்கள் பாட்டாவிடம் என் தாத்தா கேட்டுக்கொண்டாராம். எதற்கு என்று அவர் கேட்டதே இல்லையாம். கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டோம் என்கிறார் அப்பா. தெங்கு விழுந்த பிறகு அந்தப் பாரைத் திரும்பப் பிடிக்க இரண்டு பருவம் ஆயிற்றாம்.

இப்போது ஒன்று செய்து பார்த்தோம். பார் இருக்கும் இடம் என் தம்பியின் ஜிபிஎஸ்ஸில் இருக்கிறது. மலை முகடு அங்கேயே இருக்கிறது. போனில் இரண்டுக்கும் நடுவில் ஒரு கோடு இழுத்தால், அது உங்கள் தெங்கு நின்ற இடத்தின் வழியாகத்தான் போயாக வேண்டும். கால்வாய்க் கரையிலிருந்து முற்றம் எத்தனை அடி என்று உங்களுக்கு நினைவிருந்தால் இடம் கிடைத்துவிடும். என் கணக்குப்படி அது கல் போட்ட சுவருக்கு வெளியே, அலை உடைகிற இடத்துக்குக் கொஞ்சம் இப்பால். வருகிற ஞாயிறு பூசைக்கு அப்புறம் வாருங்கள், நின்று காட்டுகிறேன்.

அப்பா ஒரு கேள்வி கேட்கச் சொன்னார். கடலிலிருந்து பார்த்ததால் அவருக்குத் தெங்கு வளைந்தது தெரியும், எந்தப் பக்கம் என்று இப்போது நினைவு வரவில்லை. நோட்டிலும் இல்லை. கிழக்கா, மேற்கா?

நாகர்கோவிலிலிருந்து

கிழக்கே. நாங்கள் அந்த வளைவில்தான் ஊஞ்சல் கட்டுவோம். கால்வாயிலிருந்து முற்றம் வரை அம்மச்சி தண்ணீர்க் குடத்தோடு எழுபது அடி வைப்பாள், நான் எண்ணிக்கொண்டே பின்னால் நடப்பேன். ஞாயிறு வருகிறேன்.