வெறும் வயிற்றுச் சர்க்கரைக்கு எந்தக் குறியீடு? உதவி தேவை

வணக்கம் நண்பர்களே. ஒரு சிறிய ரத்தப் பரிசோதனை நிலையத்தின் மென்பொருளைக் கவனித்துக்கொள்கிறேன். முடிவுகளை நோயாளியின் 14 இலக்க ஆபா (அரசின் டிஜிட்டல் சுகாதாரக் கணக்கு) எண்ணோடு இணைக்க, எச்எல்7 பதிப்பு 2 என்ற பழைய மருத்துவத் தகவல் பரிமாற்றத் தரநிலையில் உள்ள செய்திகளை அதற்குப் பிந்தைய ஃபயர் ஆர்4 வடிவத்துக்கு மாற்றி வருகிறேன். ஹீமோகுளோபினை ஒரு கருவி 'எச்பி' என்கிறது, இன்னொன்று முழுப் பெயரில் அனுப்புகிறது. சரி, இரண்டுக்கும் பரிசோதனைகளுக்கான பொதுக் குறியீட்டு முறையான லாயிங்க்கில் உள்ள 718-7 போட்டாயிற்று. சர்க்கரையில்தான் மாட்டிக்கொண்டேன். வெறும் வயிற்றில் எடுத்ததென்றால் 1558-6, பொதுவாக என்றால் 2345-7. ஆனால் சாப்பிட்டாரா இல்லையா என்ற விவரமே கருவியிலிருந்து வருவதில்லை. ஊகித்துப் போட மனம் வரவில்லை. அந்தக் குறியீட்டை நம்பி இன்னொரு ஊர் மருத்துவர் மருந்தை மாற்றக்கூடும். ரத்தம் எடுக்கும் இடத்திலேயே இதைப் பதியவைத்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? அவசரத்தில் ஊழியர்கள் அதை விட்டுவிடாமல் இருக்க என்ன செய்தீர்கள்?