பொருள்: மைக்ரோபைபர் துணிக்கு ஒரு சொல், வியாழனுக்குள்

வெள்ளவத்தை, திங்கள் இரவு

எல்லோருக்கும் வணக்கம்.

ஹோட்டல் அறைப் பராமரிப்புப் படிக்கும் பிள்ளைகளுக்கு ஒரு தாள் தயாரிக்கிறேன். வியாழன் காலை அச்சகத்துக்குப் போகவேண்டும். மைக்ரோபைபர் துணிக்குத் தமிழில் என்ன எழுதலாம்?

சும்மா கேட்கவில்லை. பழைய தாளில் யாரோ "மென்துணி" என்று போட்டிருந்தார்கள். போன தவணைப் பிள்ளைகள், மென்மையாகத்தானே இருக்கவேண்டும் என்று நினைத்து, துவாய்களோடு சேர்த்து மெஷினில் போட்டு சொஃப்ட்னரும் தாராளமாக ஊற்றிவிட்டார்கள். இரண்டு டசின் துணி. அடுத்த நாள் கண்ணாடியைத் துடைத்தால் எண்ணெய் பூசினமாதிரி வரி வரியாக நிற்கிறது. துணி முழுக்கத் துவாயின் பஞ்சு. மென்மை என்ற பேச்சே வராத ஒரு சொல் தாருங்கள்.

கொட்டாஞ்சேனை, செவ்வாய் காலை

பிள்ளை, துகில் இருக்கத் துணி எதற்கு? நுண் + துகில் = நுண்டுகில். ணகரத்துக்குப் பின் வரும் தகரம் டகரமாகும் என்பது நன்னூல். அதைவிடப் பொருத்தம் அறுவை, துணிக்குப் பழந்தமிழ்ச் சொல். பொருநராற்றுப்படையில் கரிகாலன் பொருநனுக்குக் கொடுக்கும் அறுவை பாம்பின் சட்டை போன்றது. இழை போன வழி கண்ணுக்கு அகப்படாது. மைக்ரோபைபரை இதைவிட யார் விளக்குவது? சங்கப் புலவர்களிலேயே மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார் என்று ஒரு துணி வியாபாரி இருந்திருக்கிறார். நுண்ணறுவை என்று போடுங்கள்.

புறக்கோட்டை, செவ்வாய் பகல்

மாஸ்டர், இந்திய டிவி பார்த்து வளர்ந்த பிள்ளைகளுக்கு அறுவை என்றால் ஒப்பரேஷன், இல்லாவிட்டால் கடி ஜோக். கண்ணாடி துடைக்கப் போகிறவளை ஏன் பயப்படுத்துவான்?

குறுக்குத் தெருவில் துணி விற்கிறவன் நான். வருகிறவர்கள் "நானா, மைக்ரோ இருக்கா?" என்றுதான் கேட்பார்கள். துவாய் போர்த்துக்கீசம், லேஞ்சி போர்த்துக்கீசம், இரண்டையும் மடித்து வைக்கிற அலுமாரியும் போர்த்துக்கீசம். மைக்ரோவும் அந்த அலுமாரியில் ஒரு தட்டில் இருந்துவிட்டுப் போகட்டும்.

மொறட்டுவை, செவ்வாய் இரவு

நெசவுத் தொழினுட்பம் படிக்கிறேன், அதனால் நடுவில் வருகிறேன். 9000 மீற்றர் இழையின் நிறை 1 கிராமுக்குக் குறைவாக இருந்தால் அது மைக்ரோபைபர். கோட்டையில் ஒரு முனையைக் கட்டிவிட்டு காலி வீதியால் இழுத்துக்கொண்டு போனால் தெகிவளைக்குக் கிட்டப் போய்விடலாம், கையில் ஒரு கிராம்கூட இராது. பட்டிழையே இதைவிடத் தடிப்பு.

துடைக்கும் துணியில் பெரும்பாலும் 80 வீதம் பொலியெஸ்டர், 20 வீதம் பொலியமைட்டு, அதாவது நைலோன் வகை. இரண்டையும் ஒரே இழையாக இழுத்துப் பிறகு பிளக்கிறார்கள். குறுக்குவெட்டில் தோடம்பழச் சுளைகள் மாதிரி இருக்கும். சுளைகளின் விளிம்பும் இடுக்கும்தான் தூசியையும் தண்ணீரையும் பிடிக்கின்றன. சொஃப்ட்னர் அந்த இடுக்கில் படலமாகப் படியும். அதற்குப் பிறகு துணி எதையும் பிடிக்காது. பிளீச் இழையைக் கெடுக்கும், கடும் சூடு உருக்கும். ஆகவே என் வாக்கு பிளவிழைத் துணிக்கு.

கொட்டாஞ்சேனை, செவ்வாய் நள்ளிரவு

தம்பி, விளக்கம் நன்று, சொல் ஆகாது. பிளவு என்றால் கிழிசல். புதுத் துணியைக் கிழிசல் என்று விற்பதா?

பைபருக்கு நம் பாடநூல் வழக்கு நார். நுண் + நார் = நுண்ணார்; கண் + நீர் கண்ணீர் ஆனதுபோல. ஆனால் எழுதிப் பார்த்தேன், நண்ணார் போலத் தெரிகிறது. பகைவரைக் கொண்டு கண்ணாடி துடைப்பது தமிழ்ப் பண்பாடு அல்ல. இந்தியாவில் சொல்லும் நுண்ணிழையும் எனக்கு உவப்பில்லை. ஆயிழை, சேயிழை என்றால் பெண். இழை அங்கே அணிகலன். அந்த முறையில் நுண்ணிழை என்பது நுண்ணிய நகை அணிந்தவள். "நுண்ணிழையால் தரையைத் துடை" என்று வகுப்பில் எழுதுவீர்களா?

போகிற போக்கில் ஒன்று: அவர்கள் நுண்ணோக்கி என்பதை நாம் நுணுக்குக்காட்டி என்கிறோம். நோக்குவது மனிதன், காட்டுவது கருவி. நம்முடையதே சரி. இதை முன்பும் எழுதியிருக்கிறேன்.

புறக்கோட்டை, புதன் காலை

எழுதியிருக்கிறீர்கள் மாஸ்டர், பலமுறை. தமிழ்ச் சொல்தான் வேண்டுமென்றால் தும்பு இருக்கிறதே. தும்புத்தடி தெரியாத வீடு உண்டா? நுண்தும்புத் துணி.

கொட்டாஞ்சேனை, புதன் காலை

நுண்டும்பு.

புறக்கோட்டை, புதன் காலை

என் பிரேரணையை வாபஸ் வாங்குகிறேன்.

வெள்ளவத்தை, புதன் இரவு

இன்று எல்லாவற்றையும் பலகையில் எழுதினேன். நுண்டுகிலை "நுண்டு கில்" என்று வாசித்தார்கள். பிளவிழைக்கு விளக்கம் கேட்டார்கள். நுண்ணிழைக்கு ஒருவரும் கேட்கவில்லை. மாஸ்டர் பயந்தமாதிரி எந்தப் பெண்ணும் வந்து நிற்கவுமில்லை.

வவுனியாப் பிள்ளை ஒருத்தி. சவர்க்காரத் தண்ணீரில் நின்று நின்று உள்ளங்கை வெடித்திருக்கிறது. மேசையில் கிடந்த துணியைத் தடவிவிட்டுக் கையை எடுத்தாள். துணி தோலின் சொரசொரப்பில் பிடித்துக்கொண்டு இரண்டு அங்குலம் கூடவே எழும்பியது. பக்கத்திலிருந்த பருத்தித் துணியைத் தடவினாள், அது சும்மா கிடந்தது. "மிஸ், இது கொளுவுற துணி" என்றாள். கலந்து கிடந்த குவியலை அந்த வகுப்பே கையால் தடவிப் பிரித்து முடித்தது.

மொறட்டுவை, புதன் இரவு

கொளுவுதுணி! அக்கா, அதையே போடுங்கள். நுண்ணிழையில் எனக்கும் ஒரு நெருடல். இந்தத் துணியைக் கழுவும்போது உதிர்ந்து கடலுக்குப் போகிற பிளாஸ்டிக் துணுக்குக்கும் ஆங்கிலத்தில் இதே பெயர்தான். நாளைக்கு அதைத் தமிழில் எழுதுகிறவர் என்ன செய்வார்?

வெள்ளவத்தை, வியாழன் காலை

அவர் நாளைக்கு இங்கே வந்து கேட்கட்டும் தம்பி, எனக்கு இன்றைக்கு அச்சு. கொளுவுதுணி எனக்கும் விருப்பம், மேலதிகாரிக்கு இல்லை. போனது இதுதான்:

"நுண்ணிழைத் துணி. கடையில் மைக்ரோ என்று கேட்கவும். துவாயோடு போடாமல் தனியாகக் கழுவவும். இளஞ்சூட்டுத் தண்ணீர், கொஞ்சம் சவர்க்காரத் தூள். சொஃப்ட்னர், பிளீச், அயன் மூன்றும் வேண்டாம். நிழலில் உலர்த்தவும். பாதியாக மடித்து மீண்டும் பாதியாக மடித்தால் எட்டு முகம் கிடைக்கும். ஒன்று அழுக்கானதும் அடுத்ததைத் திருப்பவும். கழிப்பறைத் துணி வேறு நிறம்."

எல்லோருக்கும் நன்றி.

புறக்கோட்டை, வியாழன் காலை

மைக்ரோ உள்ளே வந்துவிட்டது. எனக்குப் போதும்.

கொட்டாஞ்சேனை, வியாழன் பகல்

என் மாறுபாட்டைப் பதிவு செய்கிறேன். அறுவைதான் சரி.

தாளை மறுபடி வாசித்தேன். துணியைக் கெடுத்தது சொஃப்ட்னர் என்று திங்கட்கிழமையே சொன்னீர்கள். நான்கு நாளாக அதற்கு ஒரு தமிழ்ச் சொல்லை யாரும் கேட்கவே இல்லையே?